மகள் வாயில் வந்த பழவாசனை

ஊரடங்கில் மலைக்கோயிலை மூடியபோது, அடிவாரத்தில் இருந்த எங்கள் தேங்காய், பழக் கடையையும் மூடினோம். ஆடிக் கிருத்திகைக்கு ஒரு காவடிகூட மலை ஏறவில்லை. திருத்தணியில் பிறந்து வளர்ந்த நான் அப்படி ஒரு ஆடியைப் பார்த்ததே இல்லை. நடுரோட்டில் நாய்கள் படுத்துக் கிடந்தன.

அந்த வெயில் காலத்திலிருந்தே எங்கள் மகள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது முடித்த பிள்ளை. "நைனா, இன்னும் தண்ணி" என்று வந்து நிற்பாள். உடம்புச் சூடு என்று நினைத்தோம். சூட்டுக்கு எங்கள் வீட்டில் பானகம்தான். வெல்லம் கரைத்து, ஏலக்காய் தட்டிப் போட்டுக் கொடுத்தோம். குடித்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தாகம். பாயை நனைக்க ஆரம்பித்ததும் என் மனைவி, "இவ்ளோ பெரிய பொண்ணு, வெக்கமா இல்ல?" என்று திட்டினாள். அதிலிருந்து குழந்தை தானே பாயைச் சுருட்டி எடுத்துப்போய் மாடியில் காயப்போட்டாள். பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்திவிட வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டம்மா, "வளர்ற புள்ள, அப்படித்தான் இளைக்கும். எங்களப் பாரு, வூட்டுலயே குந்திகினு துன்னு துன்னு பூசணிக்கா ஆயிட்டோம்" என்றாள். நாங்களும் சிரித்தோம்.

கிருத்திகைக்கு வீட்டிலேயே வேலுக்கு அபிஷேகம் செய்து பஞ்சாமிர்தம் படைத்தோம். மறுநாள் காலை மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த மனைவி சீப்பை அப்படியே நிறுத்தினாள்.

"இன்னாங்க, இங்க வாங்க. புள்ள வாய மோந்து பாருங்க."

குனிந்து பார்த்தேன். நன்றாகக் கனிந்த பழத்தின் வாசனை, முந்தின நாள் படைத்த பஞ்சாமிர்தம் போல.

"பல்லு வெளக்கினியாம்மா?"

"ஆங், அப்பவே வெளக்கிட்டேன் நைனா."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "கோயில மூடிட்டா அவரு சும்மா இருப்பாரா? நம்ம புள்ளகிட்டயே வந்துட்டாருங்க."

நானும் நம்பினேன். சூடம் ஏற்றி, குழந்தை நெற்றியில் திருநீறு பூசினேன். அவள் சுவரில் சாய்ந்து துவண்டு உட்கார்ந்திருந்தாள். அதையும் அருள் இறங்கிய அசதி என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

அன்று மத்தியானமே வாந்தி. மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். ஆட்டோ ஓட்டும் என் மனைவியின் தம்பி ஓடி வந்தான். "மூச்சு வாங்குதுன்னு வெளிய சொல்லாதீங்க பாவா. கொரோனான்னு தெருவுக்கே தகரம் அடிச்சிருவானுங்க" என்றான். அவன் ஆட்டோவிலேயே ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கேட்டிலேயே நிறுத்தி, "மொதல்ல கொரோனா டெஸ்ட் எடுத்துகினு வாங்க. ரிசல்ட் இல்லாம உள்ள வுட முடியாது" என்றார்கள்.

மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து காத்திருந்தோம். தெம்புக்கு இளநீரும் குளுக்கோஸ் தண்ணீரும் கொடுத்தபடியே இருந்தோம். மறுநாள் போனில் முடிவு வந்தது. கொரோனா இல்லை. மனைவி மலை இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "நான் சொல்லல? வெறும் அஜீரணம்தான் பாவா" என்றான் மைத்துனன். முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு அப்போதுதான் எனக்குச் சோறு இறங்கியது. சாப்பிட்டுக் கை கழுவி வந்து மகளை எழுப்பினேன். எழவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உடையில், இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு நின்றார். குழந்தையின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சின்ன மெஷினில் வைத்தார்.

"தண்ணி நெறைய குடிச்சாளா?"

"வெயில் காலத்துலேருந்துங்க" என்றேன்.

"இந்த மாஸ்க்ல எனக்கு ஒண்ணும் தெரியல. வாயில பழ வாசன மாதிரி வந்துச்சா?"

"ஆங், வந்துச்சுங்க. அது சாமி..." என்று ஆரம்பித்த மனைவி அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

"சக்கர வியாதிம்மா. ஒடம்புல இன்சுலினே இல்ல. அது முத்திப்போனா அந்த வாசன வரும்."

"கொழந்தைக்கா சக்கர?" என்றேன்.

அவள் கண் திறக்கும்வரை வராந்தாவில் கிடந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு காலையில் உள்ளே கூப்பிட்டார்கள். "நைனா, பசிக்குது" என்றாள். அந்தப் பசிக்கே முதலில் ஊசி, பிறகுதான் இட்லி.

அன்று தொடங்கியது இன்னும் முடியவில்லை. முடியவும் முடியாதாம். கல்யாண வீட்டுக்குப் போனால் யாராவது ஒருவர், "ஊசிய நிறுத்திட்டு பாகக்கா சாறு குடுங்க" என்கிறார். மறுத்துச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. முருகன் வந்து சொன்னார், நமக்குத்தான் புரியவில்லை என்பாள் மனைவி. கோயிலைத் திறந்த பிறகு கிருத்திகை தவறாமல் மலை ஏறுகிறேன். சன்னிதியில் நிற்கும்போது எதையும் விளக்கிக் கேட்கத் தோன்றுவதில்லை. பிள்ளை பேரைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

இப்போது அவள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நாங்கள் இருவரும் அவள் முகத்தைப் பார்க்கிறோம். சர்க்கரை இறங்கி வியர்த்திருக்கிறதா, கை நடுங்குகிறதா என்று.

"ஒண்ணும் இல்ல, சும்மா சும்மா பாத்துகினே இருக்காதீங்க" என்று எரிந்து விழுகிறாள். பையை இறக்கிவிட்டு, அவளே உட்கார்ந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு விரலை நீட்டுகிறாள்.