மாமா திருடிய மண்

என் தாய்மாமா ஒரு திருடர் என்பது எனக்கு எட்டு வயதில் தெரியவந்தது. சொன்னவர் அவருடைய சொந்த அக்கா, அதாவது என் அம்மா. களவு போன பொருள் எங்கள் வீட்டுக் கொல்லை.

எங்கள் ஊரான தாசேக் கெலுகோரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஓடும் ஆறு ஓரிடத்தில் அரிவாள் மாதிரி வளையும். வளைவின் வெளிக்கரையில் எங்கள் வீடு, எதிரே உட்கரையில் மாமா வீடு, நடுவில் ஒரு மரப்பாலம். ஒவ்வொரு மழைக்கும் எங்கள் பக்கம் சரியும், மாமா பக்கம் மணல் ஏறும். முதலில் மரவள்ளி வரிசை போனது. பிறகு பப்பாளி மரம். அப்புறம் கோழிக் கொட்டகை, நல்லவேளை கோழிகள் இல்லாமல். அப்பா பழைய லாரி டயர்களைக் கட்டிக் கரையில் இறக்கினார். அடுத்த மழையில் ஆறு அவற்றையும் அவிழ்த்து மாமா பக்கம் ஒதுக்கியது. மாமா சும்மா இருக்கக் கூடாதா? டயருக்கு ஒன்றாகக் கத்தரிச் செடி வைத்தார். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இது போதாதென்று, புதிதாக ஏறிய மணல்மேட்டில் விளைந்த கீரையை ஒரு கட்டு பிடுங்கிக்கொண்டு வந்து நீட்டினார் மாமா. பாசமாகத்தான்.

"என் மண்ணுல வெளஞ்ச கீரைய எனக்கே கொண்டாந்து குடுக்கிறியா? வெக்கமா இல்லடா ஒனக்கு?"

"ஆறு கொண்டாந்து போட்டா நான் என்னாக்கா பண்றது? வேணாம்னு ஆத்துக்கிட்ட சொல்லவா லா?"

கீரை கட்டோடு ஆற்றுக்குப் போனது. அன்றோடு இருவருக்கும் பேச்சும் நின்றது.

நட்டம் என்னவோ எனக்குத்தான். தினமும் மாமாவின் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தவள் நான். இப்போது பள்ளி வேன். வேனுக்கு நிற்கும்போது மாமா அக்கரையிலிருந்து என்னையே பார்ப்பார், கூப்பிட மாட்டார். எனக்கு அழுகை அழுகையாக வரும். மூன்று மாதம் இப்படியே போன பிறகு, பள்ளி விடுமுறையில் எனக்கு ஒரு பிரமாதமான யோசனை தோன்றியது. மண்தானே சண்டை? எடுத்த மண்ணைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டால் ஆயிற்று.

தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்து வந்து அம்மா மதியம் சற்றுக் கண்ணயர்வார். அந்த நேரம் பார்த்து, பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடப்பேன். மணல்மேடு முழுக்க நீர்நாய்களின் காலடித் தடங்கள். அவற்றை மாமா காவலுக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அவசர அவசரமாக அள்ளி வருவேன். எங்கள் கரை விளிம்பில் கொட்டினால் அது சரசரவென்று ஆற்றிலேயே போய் விழும். எனக்கோ தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

மூன்றாம் நாள், மண் எப்படித்தான் போகிறது என்று கரையில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். செங்குத்தாக நின்ற மண்சுவரில் ஒரு துளை. ஓகோ, இந்த வழியாகத்தான் எங்கள் மண் ஒழுகுகிறதா! ஈரமணலைப் பிசைந்து கை எட்டிய மட்டும் திணித்தேன். மேலே களிமண் அப்பித் தட்டியும் விட்டேன்.

ஐந்து நிமிடம் இருக்காது, ஒரு மீன்கொத்தி வாயில் மீனோடு வந்தது. சுவருக்கு முன்னால் சிறகடித்தது, போனது, மறுபடி வந்தது. அதன் ஜோடியும் சேர்ந்துகொண்டு கத்தத் தொடங்கியது. காதை வைத்துக் கேட்டேன். மண்ணுக்கு உள்ளேயிருந்து மெல்லிய கீச்சொலி. ஐயோ, உள்ளே குஞ்சுகள்! கையை நீட்டித் தோண்டப் பார்த்தேன், விளிம்பு உடைந்தது, நானும் கரையும் ஒன்றாக ஆற்றுக்குள்.

தண்ணீர் இடுப்பளவுதான், ஆனால் நான் போட்ட கூச்சல் தோட்டம் வரை கேட்டிருக்கும். அக்கரையிலிருந்து மாமா கைலியோடு தண்ணீரில் இறங்கி ஓடிவந்தார். இக்கரையில் அம்மா தலைவிரிகோலமாக வந்து நின்றார். மாமா என்னைத் தூக்கிக் கரையேற்ற, நான் விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன். திருட்டு என்ற சொல்லையும் சேர்த்துத்தான். மாமாவின் முகம் சுண்டிப்போனது. அம்மா வேறெங்கோ பார்த்தார். மீன்கொத்தி மட்டும் விடாமல் கத்தியது.

"வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிற! தொறடா மொதல்ல!" என்றார் அம்மா. மூன்று மாதத்தில் தம்பியிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

மாமாவின் கை துளைக்குள் நுழையவில்லை. அம்மா தொழிற்சாலைச் சீருடையோடு ஆற்றில் இறங்கினார். மாமா பின்னாலிருந்து தோளைத் தாங்கிக்கொண்டார்.

"மெதுவாக்கா, குஞ்சு இருக்கும்."

"தெரியும்டா, நீ ஒழுங்கா புடி."

விரல் விரலாக மண் வெளியே வந்தது. அம்மா கையை எடுத்ததும் பறவை விருட்டென்று உள்ளே போனது. மூவரும் சொட்டச் சொட்டக் கரையேறினோம். பிறகு அம்மா மாமாவிடம், "பசியாறிட்டுப் போ" என்றார். எனக்கு அந்த ஆற்றிலேயே இன்னொரு தடவை குதிக்கலாம் போலிருந்தது.

அடுத்த வாரம், அப்பா எப்போதோ எழுதிய புகாருக்கு, நீர்ப்பாசன இலாகாவிலிருந்து ஒரு மலாய்க்கார அக்கா வந்தார். அம்மா ஆள் அனுப்பி மாமாவையும் வரவழைத்தார். அந்த அக்கா சொன்னதை மாமாதான் தமிழில் சொன்னார். எங்கள் கொல்லை மாமா வீட்டுக்குப் போகவே இல்லையாம். பெரும்பாலும் அது கழிமுகத்துக்குப் போய், அங்கே சதுப்புநில மரங்கள் அதில் வேர்பிடித்து நிற்குமாம். மாமாவின் மணல் ஆற்றின் மேல்பக்கத்து யாரோ ஒருவருடைய கொல்லையாம். இங்கே சிமெண்டுச் சுவர் எழுப்பினால் ஆறு வேகமெடுத்துக் கீழே இருக்கும் வீடுகளுக்குள் புகுந்துவிடும், அதனால் வளைவை அதன் போக்கில் விட்டுவிட்டு, சமையலறைக்குப் பின்னால் மூங்கில் வையுங்கள் என்றார். வைத்தோம். இப்போது நான் வசிக்கும் ஜார்ஜ்டவுனிலிருந்து விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், மூங்கில் கூரையைத் தாண்டிவிட்டது. ஆறு புதிதாக அரித்துவிடும் சுவரில் மீன்கொத்திகள் புதிதாகத் துளை போடுகின்றன.

அன்று அந்த அக்கா கிளம்புமுன் இரண்டு கரையிலும் சிவப்பு முளை அடித்தார். இரண்டு முளைக்கும் நடுவில் உள்ளது முழுவதும் ஆற்றுக்குச் சொந்தம், ஆதியிலிருந்தே அப்படித்தான் என்றார். எங்கள் மிச்சக் கொல்லையும் நடுவில், மாமாவின் மணல்மேடும் நடுவில்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மாமாவைப் பார்த்தார்.

"அப்ப நீ என் மண்ண எடுக்கவே இல்லியாடா?"

"எனக்கே இப்பத்தான்கா தெரியுது."

அம்மா சிரிக்கத் தொடங்கினார். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். தமிழ் தெரியாத அந்த அக்காகூடச் சிரித்தார். நான் மட்டும் ஓவென்று அழுதேன். அம்மாவுக்கும் நிலம் இல்லை, மாமாவுக்கும் இல்லை, இனிமேல் சண்டை போடக்கூட இவர்களுக்கு ஒன்றும் மிச்சமில்லையே, இதில் இப்படிச் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.