மூன்று மூன்றாக அடுக்கிய அலமாரி

நான் அந்த அலமாரியைக் கலைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் இன்னும் நாலைந்து பேர் என்னைக் கண்டால் ‘பள்ளிக்கூடத்து அலமாரியைக் கலைத்தவன்’ என்று கைகாட்டுகிறார்கள். கலைப்பதற்கும் அடுக்குவதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு எனக்குப் பேச்சில்லை. தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு வரைதான். பள்ளிக்கூடம் என்னை விட்டது என்று நான் சொல்வேன். நான்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று அப்பா சொல்வார். அப்பாவுக்கு ரயிலடியில் குதிரை வண்டி. தினமும் வண்டியில் ஏறும் யாரிடமோ சொல்லிவைத்து, ஊருக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளியில் எனக்கு லேப் அட்டெண்டர் வேலை வாங்கிக் கொடுத்தார். டெம்பரரி. ஒரு வருடம் ஒழுங்காக இருந்தால் பெர்மனென்ட்.

“ஏலே அப்பு, ஒரு வருசம் மட்டும் வாயப் பூட்டி வையி. அம்புட்டுத்தான் கேக்குறேன்” என்றார் அப்பா.

“பூட்டுக்கு நம்ம ஊர்ல பஞ்சமாப்பா? நல்லதா ஒண்ணு வாங்கிப் போடு” என்றேன். வேலைக்குப் போன முதல் நாளே நான் பேசிய பேச்சு அது.

லேபில் எனக்கு மூன்று வேலை. கண்ணாடிக் குழாய் கழுவுவது, பையன்கள் உடைத்ததைப் பொறுக்குவது, அலமாரி துடைப்பது. மூன்றாவதுதான் என் உயிரை எடுத்தது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏ, பி, சி வரிசைப்படி எழுதியிருந்ததால், குப்பிகளும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். ரிஜிஸ்டரில் எந்த ஆசிடும் ‘ஆசிட்’ என்றே தொடங்கும்; ஆங்கிலத்தில் அதுவும் ‘ஏ’, அம்மோனியாவும் ‘ஏ’. அதனால் ஹைட்ரோகுளோரிக் ஆசிடும் அம்மோனியாவும் ஒரே தட்டில் தோளோடு தோள் உரசி நின்றன. இரண்டின் ஆவியும் கலந்தால் வெள்ளைப் புகை. மூடி எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். திங்கள்கிழமை துடைத்தால் சனிக்கிழமைக்குள் அந்தத் தட்டு முழுக்க சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை படிந்திருக்கும். லேபிள் எல்லாம் அரித்துப் போகும்.

ரசாயன வாத்தியார் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். என்னைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். அவரிடம் சொன்னேன்.

“சார், இந்த ரெண்டு பேரையும் பிரிச்சு வச்சா நாட்டுக்கு ஏதாச்சும் கெட்டுப் போகுமா?”

“ரிஜிஸ்டர் அப்படிங்க தம்பி. நாம என்னங்க பண்றது?”

“ரிஜிஸ்டர் வந்து தொடைக்குமா சார்?”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் துடைத்தேன்.

ஒரு நாள் பத்தாம் வகுப்புக்குத் தனிமங்கள் பாடம். நான் பின்னால் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். வாத்தியார் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். நூறு வருடத்துக்கும் முன்னால் ஜெர்மன் நாட்டில் ஒருவர். வண்டிக்காரர் மகன். ஒழுங்கான பள்ளிப் படிப்பு கிடையாது. மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே ரசாயனம் கற்றுக்கொண்டவர். உலகத்தில் தனிமங்கள் கன்னாபின்னாவென்று கிடந்த காலத்தில், குணத்தால் ஒத்துப்போகிறவற்றை மும்மூன்றாக முதலில் சேர்த்தவர் அவர். அப்படிச் சேர்த்தால், நடுவில் இருப்பதன் அணு எடை, இரண்டு பக்கத்து எடைகளையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவதற்குப் பக்கத்தில் நிற்கும்.

இதை வாசித்துவிட்டு வாத்தியார், “இது பரீட்சைக்கு வராதுங்க. அடுத்த பக்கம் திருப்புங்க” என்றார்.

கடைசி பெஞ்சில் சாணார்பட்டிப் பையன் ஒருவன் திரும்பி என்னைப் பார்த்தான். “அட்டெண்டரண்ணே, வண்டிக்காரரு மகனாம்ல! ஒங்க சொந்தக்காரராண்ணே?”

வகுப்பே சிரித்தது.

“ஆமாலே, பெரியப்பா மகன்” என்றேன். “எங்கப்பா குதிரய இங்க கட்டிவச்சா ஒனக்கு முன்னாடி அது பாஸாயிரும். திரும்புலே அங்கிட்டு.”

மறுபடியும் சிரிப்பு. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பையனால் அல்ல. அந்தப் பக்கத்தை அவ்வளவு சுலபமாகத் திருப்பிவிட்டார்களே என்று. மணி அடித்ததும் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

வாசித்ததும் முதலில் நான் செய்தது முட்டாள்தனம். எங்கள் சந்தையில் கம்பும் அரிசியும் எல்லாம் படியால் அளப்பதுதான். படி ஒன்றாக இருந்தாலும் உள்ளே போடுவதைப் பொறுத்து எடை மாறும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். ஒரே கரண்டியால் லித்தியம் உப்பு, சோடியம் உப்பு, பொட்டாசியம் உப்பு மூன்றையும் தலைதட்டி அளந்து, கண்ணாடிப் பெட்டித் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தேன். எப்படிப் பார்த்தாலும் பாதி வரவில்லை. வாத்தியார் உள்ளே வந்தார்.

“என்னங்க பண்றீங்க?”

“அணு எடை பாக்குறேன் சார். ஜெர்மன்காரரு பொய் சொல்லிட்டாரு.”

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. “கரண்டில அளக்குறதில்லைங்க அது. பொஸ்தகத்துக் கடசில பட்டியல் இருக்குது, பாருங்க.”

பார்த்தேன். லித்தியம் ஏழு. பொட்டாசியம் முப்பத்தொன்பது. லேப் மேஜையில் சாக்பீஸால் எழுதிக் கூட்டினேன். நாற்பத்தாறு. பாதி இருபத்துமூன்று. பட்டியலில் சோடியத்தைத் தேடினேன். இருபத்துமூன்று.

கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டது. பரீட்சைக்கு வராத கணக்கு எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியாக வந்தது.

அதற்குப் பிறகு அந்தத் தட்டுகளைப் பழையபடி பார்க்க முடியவில்லை. சோடியமும் பொட்டாசியமும் மண்ணெண்ணெயில்தான் கிடக்கும். தண்ணீரில் போட்டால் இரண்டும் ஓடும். ஒரே ரத்தம். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களைப் பங்காளிகள் என்போம். பங்காளிக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். அதேபோல சோடியம் பொட்டாசியத்தோடு சேர்ந்து உப்பானதாக எந்தக் குப்பியிலும் லேபிள் இல்லை. பெண் எடுப்பதெல்லாம் குளோரின், புரோமின், அயோடின் வீட்டில். அவர்கள் மூவரும் தங்களுக்குள் பங்காளிகள், இவர்களுக்குச் சம்பந்திகள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அலமாரி துடைத்துத் துடைத்து வந்த அறிவு.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் லேபில் அன்றைக்கு எல்லாக் குப்பிகளையும் கீழே இறக்கித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, தராசுக்குச் செவந்திப்பூ மாலை போட்டுத் திரும்ப ஏற்றுவது வழக்கம். இறக்கியதும் நான்தான், ஏற்றியதும் நான்தான். ஏற்றும்போது ஏ, பி, சி-யை மறந்துவிட்டேன்.

மேல்தட்டில் லித்தியம், சோடியம், பொட்டாசியம். அடுத்ததில் கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம். அதற்குக் கீழே குளோரின் வகை, புரோமின், அயோடின். சாப்பாட்டு உப்பை எங்கே வைப்பது என்று செத்த நேரம் குழம்பினேன். அது சோடியமும் குளோரினும் கட்டிக்கொண்ட குடும்பம். பெயரில் யார் முன்னால் வருகிறாரோ அவர் வீட்டில் வைத்தேன். ஆசிடை ஒரு கோடியிலும் அம்மோனியாவை மறுகோடியிலும் நிறுத்தினேன். செம்பு, துத்தநாகம், வெள்ளீயம் என்று எந்த மூன்றிலும் சேராதவை நிறைய மிஞ்சின. அவற்றுக்கு அடித்தட்டைக் கொடுத்தேன். சட்டத்தில் சாக்பீஸால் ‘பங்காளிகள்’, ‘சம்பந்தி வீடு’, ‘இன்னும் தெரியாதவர்கள்’ என்று எழுதியும் வைத்தேன்.

விடுமுறை முடிந்து முதல் செய்முறை வகுப்பு. வாத்தியார் ‘பி’ இருந்த இடத்தில் கையை விட்டார்.

“ஏனுங்க, பேரியம் எங்கீங்க?”

“கால்சியம் தட்டுல, கடசி சார்.”

“ஆசிடுங்க?”

“அது தனிக்குடித்தனம் போயிருச்சு சார்.”

நாற்பது பையன்களும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். அந்தச் சத்தம் எச்.எம். அறைவரை போய், அவர் வந்து நின்றார். சாக்பீஸ் எழுத்தை வாசித்தார். அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன். ரிஜிஸ்டரைப் பார்த்து அலமாரியைச் சரிபார்ப்பார்கள்.

“இதக் கலச்சது யாரு?”

“கலைக்கல சார். அடுக்கினேன்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள பழையபடி இருக்கணும். ‘புத்தியில்லாமல் கலைத்துவிட்டேன், மன்னிக்கவும்’னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவா. இல்லாட்டி வேலை கிடையாது.”

அப்பாவிடம் சொன்னேன். குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“எழுதிக் குடுத்துட்டு வாலே. கையா தேஞ்சு போகும்?”

“புத்தியில்லாமன்னு எழுதச் சொல்றாருப்பா.”

“அது ஊருக்கே தெரிஞ்சதுதானலே! எழுதுனா என்ன?”

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. “நான் மழைலயும் வெயில்லயும் வண்டி வண்டின்னு ஆள் கூப்புடுறேன். நீயாவது கூரைக்குக் கீழ நில்லுன்னு நெனச்சேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை எச்.எம். அறைக்குப் போனேன். அலமாரியைப் பழையபடி மாற்றவில்லை, கையில் கடிதமும் இல்லை. இரண்டு குப்பிகள் இருந்தன. வாத்தியாரையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

“இது என்ன?” என்றார் எச்.எம்.

“ஒங்க ஏ, பி, சி சார். லேப்ல எப்பிடி நின்னுச்சோ அப்பிடியே வைக்கிறேன்.” மேஜைமேல் பக்கம் பக்கமாக வைத்து இரண்டு மூடியையும் திறந்தேன். வெள்ளைப் புகை எழும்பி அவர் ஃபைல்கள்மேல் படர்ந்தது.

“மூடுடா! மூடுடா!” இருமிக்கொண்டே நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

மூடினேன். “செத்த நேரத்துக்கே இம்புட்டு சார். நான் பத்து மாசமாத் தொடைக்கிறேன்.”

“சரி, அது ரெண்டும் பிரிஞ்சே இருக்கட்டும். மத்ததெல்லாம் எதுக்கு மாத்துன?”

“மத்ததுக்கும் காரணம் இருக்கு சார். பட்டியல எடுத்து வச்சுக்கிட்டு, ஓரத்து ரெண்டு எடையச் சொல்லுங்க. நடுவுல உள்ளத நான் சொல்றேன்.”

அவர் நம்பாமல் வாத்தியார் கையிலிருந்த புத்தகத்தை வாங்கினார். “கால்சியம் நாப்பது. பேரியம் நூத்தி முப்பத்தேழு.”

“எம்பத்தெட்டரை. ஸ்ட்ரான்ஷியம்.”

விரலை வைத்துத் தேடினார். “எம்பத்தேழரைக்கு மேல கொஞ்சம். தப்பு.”

“ஒண்ணு கொறஞ்சா தப்பா சார்? ஒங்க கடியாரமே தெனம் அஞ்சு நிமிசம் பிந்துது, நாங்க அதப் பாத்துத்தான மணி அடிக்கிறோம்?”

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

எச்.எம். விடவில்லை. கெட்டிக்காரர். “செம்பையும் துத்தநாகத்தையும் இப்பிடிச் சேத்துக் காட்டு பாப்போம்.”

“வராது சார்.”

“அப்ப உன் வரிசை அரைகுறைதான?”

“ஆமா சார், அரைகுறைதான். அந்த ஜெர்மன்காரருக்கும் அம்புட்டுத்தான் வந்துச்சு. மிச்சத்தப் பின்னால வந்தவங்க பாத்தாங்க. ஆனா அவரு தெரிஞ்சதச் சேத்தாரு, தெரியாததத் தெரியலன்னு விட்டாரு. ஏ, பி, சி-ல எல்லாம் தெரிஞ்ச மாதிரி நிக்கும். ஒண்ணும் தெரியாது.”

அப்போது வாத்தியார் திரும்பினார். “ஐயா, நான்தானுங்க அப்படி அடுக்கச் சொன்னேன். பசங்களுக்குப் பாடம் விளங்கட்டும்னுங்க. சொல்லாம விட்டது என் தப்புங்க.”

எச்.எம். முகம் தளர்ந்தது. அவருக்கும் இது முடிந்தால் போதும். “அப்படியா? வாத்தியார் சொல்லித்தான் செஞ்சேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ. மன்னிப்பெல்லாம் வேணாம்.” காகிதத்தைத் தள்ளினார். பேனாவையும் கொடுத்தார்.

பேனாவைக் கையில் வாங்கினேன். அப்பா நினைவுக்கு வந்தார். ஒரு வரிதான். எழுதினால் கூரை, எழுதாவிட்டால் ரோடு. வாத்தியார் என்னைப் பார்த்து எழுதுங்க எழுதுங்க என்று கண்ணால் கெஞ்சினார்.

“சாரு சொல்லல சார்” என்றேன். “சாரு பக்கத்தத் திருப்பச் சொன்னாரு. அடுக்குனது நான்.”

“வேலை போகும்டா.”

“போகட்டும் சார். ஆனா வேலை போன காரணத்தச் சரியா எழுதுங்க. கலச்சான்னு எழுதாதீங்க.”

பேனாவை மூடி அவர் பக்கம் நகர்த்தினேன்.

வராந்தாவில் வாத்தியார் பின்னாலேயே ஓடிவந்தார். “உங்களக் காப்பாத்தத்தானுங்க அப்படிச் சொன்னேன்.”

“தெரியும் சார். நீங்க நல்லவரு. ஆனா அதுல கையெழுத்துப் போட்டா, அது நாளைக்கு ஒங்க அலமாரி. எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல சார், அந்த மூணு தட்டுதான்.”

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இப்போது தோல் பதனிடும் ஷாப்பில் இருக்கிறேன். சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் புரட்டுகிற வேலை. நாற்றத்துக்கு மூக்கு பழகிவிட்டது, என் வாய்க்கு மேஸ்திரி இன்னும் பழகவில்லை. அப்பா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசத் தொடங்கியதும் கேட்ட முதல் கேள்வி, “ஒரு வரி எழுதிருந்தா என்னலே?” என்பதுதான். இன்றைக்கும் வாரத்துக்கு ஒரு தடவை கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் நாளைக்கே அந்தக் காகிதத்தை மறுபடி என் முன்னால் தள்ளினாலும், எழுத மாட்டேன்.