மூன்றா, எட்டா

மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு மாமா ஒரு கோழிக்கூட்டை வாங்கி வந்திருக்கிறார் என்றுதான் முதலில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் செய்தி பரவியது. அதில் பாதி உண்மை. பக்கத்துத் தோட்டத்தின் பழைய துரை பங்களாக் கொட்டகையில் பல வருடங்களாகக் கிடந்த அந்தக் காருக்குள் கோழிகள் அடைகாத்துப் பழகியிருந்தன. டிராக்டரில் கட்டி இழுத்து வந்தபோதும் ஒரு கோழி இறங்க மறுத்து, சாரதியின் இருக்கையிலேயே உட்கார்ந்து எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. மாமா என் அம்மாவின் ஒரே தம்பி. எங்களோடு லயத்தில் இருந்துகொண்டு கொட்டகலை பஜாரில் ஒரு கராஜில் வேலை செய்தார். அவர் கொண்டுவந்தது இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது. இஞ்சின் கிடந்தது, ஓடவில்லை. தரையோடு தரையாகப் பதுங்கி நின்ற அந்த வண்டியைச் சுற்றி வந்து பார்த்த எல்லாரும், இது முழுசாக வளரவில்லையோ என்பதுபோல மாமாவைப் பார்த்தார்கள்.

அம்மா பார்த்த பார்வை வேறு. மாமாவுக்கு வட்டகொடையில் பெண் பேசி முடித்திருந்த நேரம் அது. பெண்ணின் அப்பா ஒவ்வொன்றாக விசாரித்தபோது, "சொந்தமா பைக் இருக்கு" என்று அம்மா இரண்டு முறை சொல்லியிருந்தாள்.

"பைக்க நம்பித்தான்டா அவங்க பொண்ணு தர்றேன்னாங்க. இப்ப என்னாத்த காட்டுவ? கோழியவா?"

"அக்கா, கொழும்புல பெரிய மனுசங்க இந்த வண்டியத் தேடிகிட்டு அலையிறாங்க. கல்யாணத்துக்கு முன்னுக்கு வித்துட்டு புது பைக்கே வாங்கிரலாம்."

அதற்கும் ஒருவர் கிடைத்தார். ஹட்டனில் இன்டர்நெட் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா காரின் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட, ஒரு வாரத்துக்குள் கொழும்பிலிருந்து ஒரு சிங்களப் பெரியவர், எங்கள் பேச்சில் மாத்தயா, போன் செய்தார். பழைய கார்களைச் சேர்ப்பவராம். விலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தக் கார் பெக்டரியை விட்டு வெளியே வந்தபோது என்ன நிறம்? எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள்? கம்பிச் சக்கரமா, தகட்டுச் சக்கரமா? ஹீட்டர் பூட்டியிருந்தார்களா? முதலில் வாங்கியவர் கூடுதலாக என்னென்ன கேட்டு வாங்கினார்? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் இருந்தால் தானே வந்து எடுத்துப் போவதாகச் சொன்னார்.

மாமா வீட்டுக்கு வந்து அறிவித்தார். "இந்தக் காருக்கு பெக்டரியில என்னென்ன குடுத்தாங்கன்னு கண்டுபுடிக்கணும்."

"நம்ம பெக்டரியில தூளத் தவிர வேற என்னா குடுத்திருக்காங்க?" என்றாள் அம்மா.

எங்களுக்குப் பெக்டரி என்றால் தேயிலை பெக்டரிதான். அங்கே வேலை செய்த அப்பா விஷயத்தைப் பொறுப்போடு எடுத்துக்கொண்டு, மறுநாளே பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் விசாரித்துவிட்டு வந்தார். தனக்குத் தெரிந்து இந்த பெக்டரியில் யாரும் கார் செய்யவில்லை என்று டீமேக்கர் உறுதியாகச் சொல்லிவிட்டாராம்.

மாமா தன் ஆராய்ச்சியைப் பங்களாவில் முன்பு சமையல் செய்த அப்புவிடம் தொடங்கினார். என்னையும் ஒரு கொப்பியோடு கூட்டிப் போனார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். கார் சிவப்பு என்றார் அப்பு. துரைசாணி அதைத் தண்ணீர் ஓடும் கானில் இறக்கிய அன்று தானே வெளியே இழுத்துவிட்டதாகச் சத்தியம் செய்தார். அதே பங்களாவில் காவல் இருந்த கிழவரோ நீலம் என்றார். அப்புவுக்குக் கண் தெரியாது, அவர் சமைத்த கறியே அதற்குச் சாட்சி என்றார். நான் அதையும் எழுதிக்கொண்டேன்.

கடைசியில் மாமா கதவின் உள்பக்கத்தில் சேண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்தார். மேலே சிவப்பு. அதன் கீழே நீலம். இரண்டு பேருமே உண்மை சொல்லியிருந்தார்கள். இன்னும் தேய்த்தபோது, இளங்கொழுந்தின் நிறத்தில் ஒரு பச்சை எட்டிப் பார்த்தது. மாமா அந்த இடத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் துடைத்தார். பிறகு இன்னொரு முறை துடைத்தார்.

இனி ஒரே வழிதான் இருந்தது. அந்தக் கம்பெனி மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் அதன் பழைய பதிவேடுகளை இங்கிலாந்தில் ஒரு சங்கம் காப்பாற்றி வைத்திருப்பதாக நானா தேடிக் கண்டுபிடித்திருந்தார். காரின் நம்பரை எழுதி அனுப்பினால் விவரம் வருமாம். அந்த நம்பர் இஞ்சினுக்குப் பின்னால் ஒரு சின்னத் தகட்டில் இருந்தது. துருவும் எண்ணெயும் ஏறி, கண்ணால் படிக்க முடியவில்லை.

நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் படம் விழும் என்பது எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். நான் அதைச் சொன்னதும் மாமா என்னைத் தூக்கி இஞ்சின் மேல் குப்புறப் படுக்க வைத்தார். தேய்த்தேன். ஒவ்வோர் இலக்கமாக எழும்பி வந்தது. கடைசி இலக்கத்தில் மட்டும் இடது பாதியைத் துரு தின்றிருந்தது. அது மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம்.

"எட்டா இருந்தா வேணாம். அது சனியன் நம்பரு" என்றாள் அங்கே அப்பாவோடு நின்ற அம்மா.

"மூணுதான்" என்றேன் நான். எனக்கு உண்மையில் தெரியாது. ஆனால் அந்த நிமிடத்தில் மூன்று பெரியவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு நிலை அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை.

மூன்று என்றே போனது. பதிலும் வந்தது. மாமா அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கொழும்பு மாத்தயாவை வரச் சொன்னார்.

வந்தவர் உயரமானவர், மரியாதையானவர். அம்மா கொடுத்த தேநீரை நின்றபடியே குடித்துவிட்டுத் தாளைக் கேட்டு வாங்கினார். படிக்கப் படிக்க அவருடைய புருவம் ஏறியது. அந்தக் காரின் நிறம் வெள்ளை. ஸ்டியரிங் இடது பக்கம். அனுப்பிய இடம் அமெரிக்கா. அவர் எங்கள் காரைப் பார்த்தார். ஸ்டியரிங் வலது பக்கத்தில் இருந்தது. கதவில் பச்சை தெரிந்தது. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துத் தகட்டருகே குனிந்தார்.

"துனய்" என்றார் அவர். மூன்று. பிறகு நிமிர்ந்து, "மேக்க வெனத் கார் எகக் நே" என்றார். இது வேறு கார்.

ஒரு காரின் தகட்டை இன்னொரு காரில் அடித்திருக்கிறார்கள், இதை நம்பி வாங்க முடியாது என்று அவர் வருத்தத்தோடு விளக்கினார். நம்பரைச் சரியாகப் பார்த்து எழுதினீர்களா என்றும் கேட்டார். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போனேன். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. தானே பார்த்து எழுதியதாகச் சிங்களத்தில் சொன்னார். மாத்தயா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

"எல்லாம் போச்சு" என்று அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் கக்கூசுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். என் ஒரு வார்த்தையால் மாமாவுக்குக் கல்யாணம் இல்லை, பைக் இல்லை, அவர் கிழவராகும்வரை எங்கள் வீட்டு மூலையில்தான் படுத்திருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அப்போதும் மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லையே என்று நினைத்தபோது அழுகை இன்னும் கூடியது. அதன்பின் ஒரு வருடம் கணக்குப் பாடத்தில் எட்டு வந்தால், இரண்டு வட்டங்களை அழுத்தி ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவேன். "என்னா இது, பணியாரமா?" என்று டீச்சர் கேட்டார்.

கல்யாணம் நிற்கவில்லை. மாமா கராஜ் வேலை முடிந்த நேரங்களில் பாடுபட்டுக் காரை ஓட வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் என்னை உட்கார வைத்துக்கொண்டு வட்டகொடைக்கே ஓட்டிப் போனார். வழியில் மழை பிடித்தது. நான் குடையை விரித்து இருவருக்கும் நடுவில் பிடித்தேன். காற்று அதைத் தலைகீழாக மடக்கியது. சொட்டச் சொட்ட நனைந்து போய் இறங்கினோம்.

பெண்ணின் அப்பா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "மாப்புள, பைக்குன்னுதான சொன்னாங்க?"

மாமா பதில் தேடுவதற்குள் பெண் வாசலில் நின்று சொன்னாள். "பைக்குனா ஒருத்தர் முதுக ஒருத்தர் பாத்துகிட்டுத்தான் போவணும். இதுல பக்கத்துல பக்கத்துல உக்காரலாந்தானே அப்பா."

அவர்தான் என் அத்தை. கல்யாணத்தன்று அந்தக் காரில்தான், பெரிய குடையோடு, கோவிலிலிருந்து வந்தார்கள்.

என் தவறை நான் யாரிடமும் சொல்லவில்லை. போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது மாமா காருக்கு லைசன் புதுப்பிக்க வேண்டுமென்று பத்திரங்களை எடுத்து வரச் சொன்னார். அலுமாரியில் இருந்த பைலைத் திறந்தேன். சங்கத்திலிருந்து வந்த தாள் இருந்தது. அதன் கீழே இன்னொரு தாளும் இருந்தது. அதில் நம்பர் எட்டில் முடிந்தது. நிறம் இளம்பச்சை. ஸ்டியரிங் வலது பக்கம். அனுப்பிய இடம் கொழும்புத் துறைமுகம். கேட்டு வாங்கியவை: கம்பிச் சக்கரம், பின்னால் பெட்டி கட்டும் சட்டம், ஹீட்டர். கீழே இருந்த தேதி, மாத்தயா வீட்டுக்கு வருவதற்கு இரண்டு வாரம் முந்தியது.

இரண்டு தாளையும் கொண்டுபோய் மாமாவின் முன்னால் நீட்டினேன். தலை நரைத்த அந்த மனிதர் பிடிபட்ட பிள்ளைபோலச் சிரித்தார்.

"மொதல்ல வந்தது நம்ம வண்டி இல்லேன்னு பாத்தவுடனே தெரிஞ்சிருச்சு. அதான் எட்டுன்னு இன்னொருக்கா எழுதிக் கேட்டேன்."

"அப்ப ஏன் மாமா அவருக்கு மத்தத காட்டுனீங்க?"

"ஹீட்டர் கேட்டு எழுதியிருக்கான் பாரு அந்தத் தொர. நம்ம குளிருக்குன்னே செஞ்சு வந்த வண்டி பாப்பா. அத எப்பிடி கொழும்பு வெயில்ல கொண்டுபோய் விடுறது?"

பத்து வயதில் எனக்கு மூன்றுக்கும் எட்டுக்கும் இடையில் இருந்த அந்தத் துருப்பிடித்த பாதிதான் உலகத்திலேயே பெரிய விஷயமாகத் தெரிந்தது. விற்க மனமில்லாத மனிதருக்கு எந்த நம்பரும் போதும் என்பது தெரியவில்லை.