சொந்த ஊர் என்று ஒரு கட்டம்

திருவனந்தபுரத்தில், சாலை என்கிற கடைத்தெருவின் பின்சந்தில் இருந்த எங்கள் வீட்டில் ஊர் பெயர் இல்லாத பாத்திரமே கிடையாது. தம்ளரின் விளிம்பில், குடத்தின் கழுத்தில், தோசைத் திருப்பியின் கைப்பிடியில்கூட அந்த ஊர் புள்ளி புள்ளியாகக் கொத்தப்பட்டிருக்கும். அப்பா பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவர். பகல் முழுக்க அடுத்தவர் பெயர்களை வெட்டினார். வீட்டுப் பாத்திரத்தில் தன் பெயரையோ அம்மாவின் பெயரையோ வெட்டியதில்லை. ஊரை வெட்டினார்.

தாமிரபரணிக் கரையில் இருந்த ஊர். அப்பாவின் தாத்தா அங்கிருந்து கிளம்பி வந்தவர். அப்பா பிறந்தது சாலையில். அக்காவும் நானும் பிறந்தது பக்கத்துத் தைக்காட்டு ஆஸ்பத்திரியில். வருஷத்துக்கு ஒரு தடவை குலதெய்வத்துக் கொடைத் திருவிழாவுக்குப் போவோம், இரண்டு நாள் பந்தலில் படுத்து எழுந்து, முதுகெல்லாம் மண்ணாகத் திரும்பி வருவோம். அவ்வளவுதான் எங்களுக்கும் அதற்கும். ஆனாலும் "எந்த ஊரு?" என்று யார் கேட்டாலும் எங்கள் நால்வர் வாயிலும் அதுதான் வரும். சாலைத் தமிழர்கள் எல்லோரிடமும் அப்படி ஒரு ஊர் இருந்தது. வாடகைக்குக் குடியிருந்தவர்களிடமும் இருந்தது, சொந்தத்தில் மாடி கட்டியவர்களிடமும் இருந்தது.

அக்காவுக்கு வக்கீலாக வேண்டும். கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண் வக்கீல்கள் கறுப்புக் கோட்டை உட்புறம் வெளியே தெரியும்படி மடித்துக் கையில் தொங்கவிட்டிருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் போய் நிற்பதற்காகவே அவள் இரண்டு பஸ்ஸை விட்டுவிடுவாள். மழைக்காலத்தில் அந்தக் கோட்டிலிருந்து ஒரு வாடை வருமாம், நனைந்த துணியும் பழைய காகிதமும் சேர்ந்த வாடை. மூக்கை உயர்த்தி எனக்குச் சொல்லிக் காட்டுவாள். எனக்கு எதுவாகவும் ஆக வேண்டியிருக்கவில்லை.

அவள் ப்ரீடிகிரி முடித்தபோது அப்பா சட்டம் படிக்கத் தனியாக அனுப்ப மாட்டேன் என்றார். "தம்பி ஒரு வருசத்துல முடிச்சிருவான். அவன் துணைக்கு வரட்டும், ரெண்டு பேருமா என்ட்ரன்ஸ் எழுதுங்க. ஒரே தடவை. கெடைக்கலைன்னா பின்ன வர்ற இடத்தைப் பாக்க விட்டுறணும், கேட்டியா?" அவள் தலையை ஆட்டினாள். ஒரு வருஷம் வீட்டில் இருந்தாள். துணைக்கு நான் வளர்வதற்காகக் காத்திருந்தாள்.

பிறகு இருவரும் போனோம். ஸ்டாச்சூ ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில், கோர்ட் விட்டு வந்த வக்கீல் ஒருவர் நுழைவுத்தேர்வுக்குச் சொல்லிக்கொடுத்தார். பொது அறிவு, இங்கிலீஷ், அப்புறம் சட்ட நுட்பக் கணக்குகள். ஒருவன் மதில்மேல் பூந்தொட்டி வைக்கிறான், காற்றில் அது விழுந்து கீழே போகிறவன் மண்டை உடைகிறது, பொறுப்பு யாருடையது என்கிற மாதிரி. அக்காவுக்கு இது போதும். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் தெருவே கேள்வித்தாளாகிவிடும்.

"மொளகா மூடை தலைச்சுமையிலேந்து விழுந்து ஒருத்தன் கண்ணுல தூள் போயிட்டு. ஆரு குத்தம்?" என்று அடுப்படியில் அம்மாவை மறிப்பாள்.

"கண்ணத் தொறந்துட்டு நின்னவன் குத்தம். நீ நகரு, பால் பொங்குது."

"பால் பொங்கினா ஆரு குத்தம்?"

"பேசிக்கிட்டு நிக்கிறவ குத்தம்."

அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சிரிப்பார். "இவ கேசு நடத்தினா ஜட்ஜி ராஜினாமா பண்ணிருவான்."

ஒரு நாள் அக்காவுக்குக் காய்ச்சல். நான் மட்டும் போனேன். "எல்லாத்தையும் எழுதிட்டு வாடே, ஒண்ணு விடாம" என்று போர்வைக்குள்ளிருந்து சொன்னாள். அன்றைக்குப் பாடம் முடிகிற நேரத்தில் சார் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசினார். கேரளத்துக்காரர்தான் என்பதற்கு நேட்டிவிட்டி சான்றிதழ் வைக்க வேண்டும், வில்லேஜ் ஆபீஸில் மனுக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தன்னோடா பறயுந்நது. சாலை எந்நு எழுதியால் மதி. அப்பூப்பன்றெ நாடொந்நும் எழுதண்டா."

சாலை என்று எழுதினால் போதும், தாத்தாவின் ஊரை எழுதித் தொலைக்காதே என்று எனக்காகவே சொன்னார். எங்கள் ஆட்களை அவருக்குத் தெரிந்திருந்தது. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்த முகத்தோடேயே இரண்டு பையன்களுடன் சைக்கிளில் சங்குமுகத்துக்குப் போய்விட்டேன். அன்று கடல் எப்படி இருந்தது என்று எவ்வளவோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வேர்க்கடலை தின்றோம், அது ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. பழசத்தான் திருப்பிச் சொன்னாரு."

இந்த ஒரு வாக்கியத்தை அடிக்க, திருத்த, மேலே வேறொன்றை எழுத எனக்கு இத்தனை வருஷம் போதவில்லை.

மனு எழுதும் நாளில் அப்பா கடைக்கு லீவு போட்டார். அக்காவின் மனுவைத் தானே எழுத வேண்டும் என்றார். வீட்டிலிருந்து சட்டம் படிக்கப் போகிற முதல் ஆள், வேறு யார் கையெழுத்தும் அதில் படக்கூடாது. என்னிடம் ஒரு தாளைத் தள்ளி, "நீ ஒன்னோடத எழுதிக்கோ" என்றார். நான் சார் சொன்னபடி சாலை என்று எழுதினேன். நிமிர்ந்து பார்த்தேன். அப்பா, தம்ளரில் வெட்டுகிற அதே அழகோடு, சொந்த ஊர் என்பதற்கு எதிரே அந்த ஊரை எழுதிக்கொண்டிருந்தார். திருநெல்வேலி ஜில்லாவையும் சேர்த்து. அக்கா குனிந்து மையை ஊதி ஊதிக் காயவைத்தாள்.

பார்த்தேன். என் தாளில் வேறு இருக்கிறது என்பதும் தெரிந்தது. இப்போது வாயைத் திறந்தால் அந்த வகுப்பு, அந்த சைக்கிள், அந்தக் கடல் எல்லாம் வெளியே வரும். திறக்கவில்லை.

அடுத்த வாரம் இரண்டு சான்றிதழ்களும் வந்தன. நான் திருவனந்தபுரத்துக்காரன் என்று என்னுடையதில் இருந்தது. அக்காவுடையதில், மனுவில் உள்ளபடி, இன்ன ஊரைச் சொந்த ஊராகக் கொண்டு இப்போது சாலையில் வசிப்பவர் என்று இருந்தது, வட்ட முத்திரையோடு. அப்பாவுக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. சர்க்கார் முத்திரை குத்தி அவருடைய ஊரை ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தக் காகிதத்தைக் கடைக்கு எடுத்துப் போய்ப் பக்கத்துப் பலசரக்குக்காரருக்கும் ஜவுளிக்காரருக்கும் காட்டினார். அவர்களும் தமிழர்கள். கையில் வாங்கிப் படித்து, "நல்லா எழுதியிருக்கான்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒருவருக்கும் ஒரு தப்பும் தெரியவில்லை. அப்பா அதை விண்ணப்பத்தோடு பின் குத்தி, தானே தபாலில் சேர்த்தார்.

எனக்கு ஹால் டிக்கெட் வந்தது. அக்காவுக்கு ஒரு கடிதம். கேரளத்தைச் சொந்த மாநிலமாகக் கொண்டவர் என்பதற்கு ஆதாரம் இல்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. கடைசித் தேதி என்றோ போயிருந்தது.

அப்பாவும் நானும் வில்லேஜ் ஆபீஸுக்கு ஓடினோம். ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், தைக்காட்டுப் பிறப்புச் சீட்டு எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினார். கிளார்க் கெட்டவர் இல்லை. கோப்பைத் தேடி எடுத்து, மனுவைத் திருப்பி அப்பாவின் பக்கம் வைத்தார். "ஸாறு தன்னெயல்லே எழுதி ஒப்பிட்டது?"

நீங்கள்தானே எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். அப்பா தன் எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் என் மனுவும் இருந்தது. கிளார்க் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு வீட்டில் ரண்டு நாட்டுகாரோ?" என்றார். கேலியாகத்தான் சொன்னார், ஆனால் அவரே சிரிக்கவில்லை. அப்பா என் மனுவைப் படித்தார். என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். "ஒனக்காவது எழுதத் தெரிஞ்சிருக்கே" என்றார்.

அக்கா ஒரு நாள் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மறுநாள் எழுந்து என் புத்தகத்தை எடுத்தாள். "வாலே, ஒனக்கு மூணு வாரம் இருக்கு. ஒண்ணும் தெரியாது ஒனக்கு." கேள்வி கேட்டாள், திட்டினாள், தலையில் குட்டினாள். நான் சரியாகச் சொன்ன ஒவ்வொரு விடைக்கும் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. பொய்ச் சந்தோஷமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பரீட்சை நாளில் எனக்குத் துணைக்கு அவள் வந்தாள். பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே, மற்றவர்களின் அப்பாக்களோடும் குடைகளோடும் நின்றாள். நான் வந்ததும் "எப்படி?" என்றுகூடக் கேட்கவில்லை, கையிலிருந்து வினாத்தாளைப் பிடுங்கிக்கொண்டாள். பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து, பையிலிருந்து பென்சில் எடுத்து, முதல் கேள்வியிலிருந்து போடத் தொடங்கினாள். பஸ்கள் வந்தன, போயின. நான் தின்பதற்கு ஏதாவது வாங்கவா என்றேன். காதில் விழவில்லை. கடைசிப் பக்கம் முடித்ததும் நேரம் பார்த்தாள். நேரத்துக்குள் முடித்திருந்தாள். என் விடைகளை ஞாபகத்திலிருந்து ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு சாரிடம் போய்ச் சரிபார்த்தபோது, நான் தப்பவிட்டவற்றில் முக்கால்வாசி அவளுடையதில் சரியாக இருந்தது. சார் இரண்டு தாளையும் மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்கு இடம் கிடைத்தது. கடைசிக்குப் பக்கத்தில், ஆனாலும் கிடைத்தது.

அந்த வருஷமே வரன் வந்தது. எங்கிருந்து என்று சொல்ல வேண்டுமா? அந்த ஊரிலிருந்துதான். அப்பாவுக்கு அதில் ஏதோ ஈடு செய்கிற நினைப்பு இருந்திருக்கும். பாத்திரங்களில் ஊரையே வெட்டிக் கொடுத்தனுப்பினார். அங்கே அவளுக்கு மலையாளத்துக்காரி என்று பெயர் வைத்தார்கள். பலாவைச் சக்கை என்பாள், போதும் என்பதற்கு மதி என்பாள், குழந்தைகள்கூடச் சொல்லிக் காட்டிச் சிரிக்குமாம். தன் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை என்று ஒரு தடவை எழுதியிருந்தாள். கீழே, "நீ டார்ட்ஸ் சட்டத்தை ஒழுங்காப் படி, தீங்கியல்னு தமிழ்ல சொல்லுவாங்க, நல்ல வார்த்தை" என்றும் இருந்தது.

நான் ஐந்து வருஷம் படித்தேன். கோட்டும் போட்டேன். நான்கு மழைக்காலம் அந்த வாடையைச் சுமந்தேன், பிறகு கழற்றி மாட்டிவிட்டு வேறு வேலைகளுக்கு அலைந்தேன். கோட்டைப் போட்டிருந்த நாட்களில் சாலை வீட்டுக்கு வந்த அக்கா ஒரு தடவை அதை வாங்கி, உட்புறம் வெளியே வர மடித்து, தன் கையில் போட்டுக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் இரண்டு நடை நடந்தாள். பிறகு கொடியில் போட்டாள்.

இரண்டாயிரத்துக்குப் பின் ஒரு மழைக்காலத்தில் அப்பா இறந்தார். காரியமெல்லாம் முடிந்து, மரணச் சான்றிதழுக்காக நானும் அக்காவும் கார்ப்பரேஷன் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். படிவத்தில் சொந்த ஊர் என்று அந்தக் கட்டம் வந்தது. அவர் ஆசைக்கு அந்த ஊரையே எழுதிவிடலாமா என்று பேனா நின்றது.

"சாலைன்னு எழுது" என்றாள் அக்கா.

எழுதினேன். எழுதி முடித்ததும் சொல்லிவிட்டேன். காய்ச்சல் நாள், சார் சொன்னது, சைக்கிள், ஒண்ணுமில்ல என்றது, அப்பா எழுதும்போது பார்த்துக்கொண்டு இருந்தது. தலை நிமிராமல் படிவத்திடம் சொல்வதுபோல் சொன்னேன்.

அவள் படிவத்தில் காயாத மையைப் பார்த்தாள்.

"மையை ஊதிக் காயவச்சது நான்லா?" என்றாள் பிறகு. "அவ்வளவு கிட்ட இருந்து பாத்தேன். எனக்கும் தப்பாத் தோணல. நம்ம ஊரு அதானேன்னு இருந்திச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையால் வேண்டாம் என்றாள்.

"அங்க போய் இருந்த பொறவுதான் தெரிஞ்சுது, அது இல்லைன்னு."

கவுண்டரில் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அக்கா என் கையிலிருந்து படிவத்தை வாங்கி, நான் எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, எழுந்து போனாள்.