திருப்பதி–சித்தூர் மீட்டர்கேஜ்: துரைகளுக்கு நின்ற ஜாமீன்

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி. தீபாவளிக்கு நாலைந்து நாள் இருந்தது. திருப்பதியிலிருந்து காட்பாடிக்கு எல்லோரும் பஸ்ஸில் போக, நான் ரயிலில் ஏறினேன். பெரிய காரணமெல்லாம் இல்லை, வெட்டி ஆசைதான். பழைய ரயில் பாதைகளைப் பற்றி அப்போது நிறையப் படித்துத் தொலைத்திருந்தேன்.

கரி இன்ஜின். ஏழரைக்குக் கிளம்ப வேண்டியது எட்டேகாலுக்குக் கிளம்பியது. பாகாலா வழியாகச் சித்தூர் எழுபது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் மூன்று ரூபாய்க்குள். போய்ச் சேர பதினொன்றாகிவிட்டது. இன்ஜினை ஒட்டிய பெட்டியில் ஏறியது என் முட்டாள்தனம், சட்டையெல்லாம் கரி.

எதிர் சீட்டில் வடமாலபேட்டைக்காரர் முனுசாமியும் அவர் மனைவி கன்னியம்மாவும். கன்னியம்மாவின் தம்பி சித்தூர் வெல்ல மண்டியில் மூட்டை தூக்குபவன். அங்கே நடந்த அடிதடியில் அவனையும் உள்ளே போட்டுவிட்டார்கள். ஜாமீன் எடுக்கத்தான் இவர்கள் பயணம்.

"தீவாளிக்கு ஊட்டுக்கு இட்டாந்துருவோம் சார். இப்போ நம்மகிட்ட நெலம் கீது" என்றார் முனுசாமி. சர்க்கார் கொடுத்த ஒன்றரை ஏக்கர். அவர் வம்சத்திலேயே முதல் பட்டா.

என் வாய் சும்மா இருக்குமா? இந்த நாட்டில் ரயில் போட்ட லண்டன் கம்பெனிகள் பலவற்றுக்கு அந்தக் கால சர்க்காரே ஜாமீன் நின்ற கதையை எடுத்துவிட்டேன். வண்டி லாபத்தில் ஓடினாலும் நஷ்டத்தில் ஓடினாலும் பணம் போட்ட துரைகளுக்கு வட்டி நிச்சயம். குறைந்ததை நம்மூர் வரிப்பணத்திலிருந்து நிரப்புவார்கள்.

"அட, குடுத்து வெச்சவனுங்க!" என்று சிரித்தார் முனுசாமி.

சித்தூரில் எனக்கு வேலை ஒன்றுமில்லை, காட்பாடி வரை போக வேண்டியவன் அவர்களோடு இறங்கிவிட்டேன். கோர்ட்டு வரை அவர்களோடு நடந்தேன். குமாஸ்தா பட்டாவைப் பார்த்த வேகத்தில் திருப்பி நீட்டினார்.

"ஏமய்யா, இது சர்க்கார் இச்சின பூமி. விக்கக் கூடாது, அடமானம் வெக்கக் கூடாது. உன் மச்சான் ஓடிப்போனா கோர்ட்டு இத ஜப்தி பண்ண முடியாது. செல்லாது."

"சர்க்காரே குடுத்தது சார்! இத்தவிட கெட்டியா என்னா வோணும்?"

"சொந்தமா வாங்கின நெலம் இருக்கறவன இட்டுக்கினு வா, போ."

அப்படி ஒருத்தர் அவர்கள் சொந்தத்தில் கிடையாது. எனக்கும் வாடகை வீடுதான். ஏழையின் நிலத்தை யாரும் பிடுங்கக் கூடாதென்று நல்லதுக்குப் போட்ட விதிதான் அது. ஆனாலும் எரிச்சலாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வெளியே வந்ததும் கன்னியம்மா கேட்டார்: "ஏன் சார், அந்தத் தொரைங்களுக்கு சர்க்காரு நின்னாங்கன்னீங்களே, அவங்க எந்த நெலத்த காமிச்சாங்க?"

"நம்ம நெலத்தத்தாம்மா."

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: இப்போது அகலப்பாதை, நேரம் பாதியாகக் குறைந்துவிட்டது. சாப்பாடு கட்டிக்கொண்டு போவது உத்தமம். ஜாமீன் வேலையாகப் போனால், எந்தப் பட்டா செல்லும் என்று ஊரிலேயே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். திரும்புவதற்கு மூன்று டிக்கெட்டுக்கான பணத்தை முந்தானையில் முடிந்து வந்திருந்தார் கன்னியம்மா. கவுண்டரில் இரண்டுதான் வாங்கினார்.