நேசன் மாமாவின்ரை முட்டைப்பந்து ரீம்

நேசன் மாமா! நேசன் மாமா, நான் கூப்பிட்டால் எங்கை நிண்டாலும் "ஓம் பிள்ளை" எண்டு சொல்லுறனீங்கள். இப்ப ஏன் சத்தத்தைக் காணேல்லை?

உங்கடை முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்திலை என்னையும் எழுதச் சொல்லிப்போட்டா அம்மா. பெரியப்பா ஒரு பாட்டு எழுதிக் குடுத்திட்டார். அதிலை நீங்கள் பண்பாளன், குலவிளக்கு, ஊருக்கு உபகாரி. எல்லாம் சரிதான். ஆனா முட்டைப்பந்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முட்டைப்பந்து இல்லாமல் நீங்களோ? நான் பத்தாம் வகுப்போடை பேக்கரி வேலைக்குப் போனவள். பாட்டெல்லாம் எனக்கு வராது. கதைக்கிற மாதிரித்தான் வரும்.

வாசிக்கிற ஆக்களுக்குச் சொல்லுறன். இது தொண்ணூறுகளிலை நடந்தது. எனக்கு எட்டு வயசு. நாங்கள் ஊரை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, அப்ப பார்க்டேலிலை இருந்தனாங்கள். ஒரு அறை, ஒரு ஹோல். அறைக்குள்ளை அம்மா, அப்பா, நான். ஹோலுக்குள்ளை சோபாவிலை மாமா. அவர் அம்மாவின்ரை தம்பி. ஒரு ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர். அங்கை இறைச்சி வாட்டுற குக் ஒரு ஓஸ்ரேலியாக்காரர். எங்கடை வாசலுக்குள்ளாலை குனிஞ்சுதான் உள்ளுக்கு வருவார். அம்மா அவருக்கு நெட்டையர் எண்டு பேர் வச்சா. அர்த்தத்தை மாமா சொல்லிக் குடுக்க, மனிசன் விழுந்து விழுந்து சிரிச்சிட்டு, அண்டையிலை இருந்து தானே தன்னை நெட்டையர் எண்டுதான் சொல்லுவார்.

இந்த நெட்டையர் தங்கடை நாட்டு ஃபுட்போலுக்கு இஞ்சை ஒரு கிளப் வச்சிருந்தவர். ஆள் காணாமல் மாமாவை ஒரு நாள் இழுத்துக்கொண்டு போனவர். போனவர் போனவர்தான்.

நான் முதல் தரம் பாக்கப் போனதை மறக்கமாட்டன். பந்து உருண்டை இல்லை, முட்டை. கையிலையும் தூக்கிக்கொண்டு ஓடலாம், காலாலையும் அடிக்கலாம். ஓடேக்கை இடைக்கிடை நிலத்திலை குத்தி எடுக்கவேணும். அது முட்டை எண்டபடியால் மற்றப் பக்கம் போய்விடும். ரண்டு அந்தத்திலையும் நாலு நாலு கம்பம். நடுக் கம்பங்களுக்குள்ளாலை அடிச்சால் ஆறு புள்ளி. கொஞ்சம் விலத்திப் பக்கத்திலை போனாலும் ஒண்டு. கம்பத்தடியிலை வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தர் விறைச்சுக்கொண்டு நிப்பார். அம்மா அவரைக் கண்டிட்டு,

"ஐயோ தம்பி, டொக்டரையும் கூட்டிக்கொண்டோ விளையாடுறியள்? அவ்வளவுக்கு அடிபடுற விளையாட்டோ உது?" எண்டு கேட்டா.

"அது கோல் பாக்கிறவர் அக்கா" எண்டார் மாமா. அம்மா நம்பேல்லை. மாமா விழுந்த நேரமெல்லாம் அந்த மனிசனைப் பாத்துக் கையைக் காட்டிக் கூப்பிட்டுக்கொண்டு நிண்டவ.

அந்த சீசன் முழுக்கத் தோல்வி. ஒண்டும் வெல்லேல்லை. அதைவிடக் கேவலம், சில மட்சுக்கு ஆளே காணாது. எதிர் ரீம்காரர் பாவம் பாத்துத் தங்கடை ஆக்களிலை ரண்டு பேரைக் கடனாக் குடுப்பினம். அப்பிடிக் குடுத்த ஆள் எங்களுக்குக் கோல் அடிச்சால், அவற்றை சொந்த ரீமே அவருக்குக் கை தட்டும். மாமா ஒவ்வொரு சனிக்கிழமையும் நொண்டிக்கொண்டு வருவார். அப்பா பேப்பருக்குள்ளாலை பாத்து,

"என்ன மச்சான், இண்டைக்கும் வெற்றிதானோ?" எண்டு கேப்பார்.

"இண்டைக்கு நான் அடிச்சது கம்பத்துக்குப் பக்கத்தாலை போனது அத்தான். ஒண்டு குடுத்தவங்கள். தவறவிட்டவனுக்கும் ஒண்டு குடுக்கிற விளையாட்டு வேறை எங்கை இருக்கு, சொல்லுங்கோ பாப்பம்."

அப்பா பேப்பரின்ரை மற்றப் பக்கத்தைத் திருப்பினார்.

கடைசி மட்சும் தோத்த கிழமை நெட்டையர் வீட்டை வந்தார். அம்மா புட்டும் ஆட்டுக்கறியும் போட்டுக் குடுத்தா. வழமையா மூண்டு தரம் வாங்கிச் சாப்பிடுற மனிசன், கோப்பையிலை கையை வச்சுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். மட்சுகளை நடத்துற லீக்காரர் சொல்லிப்போட்டினமாம், அடுத்த சீசனிலை ஒரு மட்சுக்கு எண்டாலும் ஆள் குறைஞ்சால் கிளப்பை வெட்டிப்போடுவம் எண்டு. அவற்றை பழைய ஆக்கள் கனபேர் தங்கடை ஊருக்குத் திரும்பிப்போயிட்டினம். தான் கைவிடப்போறன் எண்டார்.

மாமா கதைச்ச இங்கிலிஷ் அவ்வளவு நல்ல இங்கிலிஷ் இல்லை. ஆனா அண்டைக்கு மேசையிலை தட்டிக் கதைச்சார். ஆள் நான் கொண்டுவாறன், ஒருத்தரும் குறையாமல் கொண்டுவாறன், நீ கிளப்பை மூடாதை எண்டு. அப்பா என்னைப் பாத்துக் கண்ணடிச்சார். கோப்பை கழுவுறவருக்கு வந்த ரோசத்தைப் பார் எண்ட மாதிரி. நானும் சிரிச்சனான். இப்ப நினைக்க வெக்கமாக் கிடக்கு.

குளிர்காலம் முழுக்க மாமா எங்கடை பில்டிங் பெடியளுக்குப் பின்னாலை திரிஞ்சார். லிஃப்டுக்குள்ளை, லோன்றி அறைக்குள்ளை, தமிழ்க் கடையிலை வீடியோ கொப்பி எடுக்கிற இடத்திலை. எல்லாரும் புதுசா வந்த பெடியள். ஒருத்தனுக்குப் பெற்றோல் செற்றிலை வேலை, ஒருத்தனுக்குப் பாண் ஃபக்ரறியிலை. நேசன் அண்ணை, எங்களுக்குக் கிரிக்கெட் எண்டால் சொல்லுங்கோ, உந்த மாட்டடி விளையாட்டு வேண்டாம் எண்டிட்டாங்கள். மட்ச் முடிய ஓசியிலை சொசேஜ் குடுப்பினம் எண்டும் சொல்லிப் பாத்தார். சொசேஜுக்கு ரண்டு பேர் வந்து, திண்டிட்டுப் போயிட்டினம்.

பனி கரைஞ்ச உடனை ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரொட்டி சுட வச்சிருந்த கோதம்பை மாப் பையைக் காணேல்லை. அம்மா அங்கினை இஞ்சினை தேடிக் களைச்சு, யன்னலாலை பாத்தால், முன் பார்க்கிலை மாமா குனிஞ்சு நிண்டு மாவாலை கோடு போடுறார். நீட்டுக்கு ஒண்டு, குறுக்கை நாலு. மேலை இருந்தே எங்களுக்கு விளங்கிட்டுது. கிளித்தட்டு!

"ரொட்டிக்கு வச்ச மாவையெல்லே நிலத்திலை கொட்டுறான், அறுவான்!" எண்டு அம்மா கத்தினா. ஆனா கத்திக்கொண்டே கீழை இறங்கக் காலிலை சப்பாத்தைப் போட்டா.

கிளித்தட்டு எண்டால் ஆர்தான் வீட்டுக்குள்ளை இருப்பினம்? கேட்டவன், பாத்தவன், நித்திரையிலை இருந்து எழும்பினவன் எல்லாரும் இறங்கி வந்தாங்கள். இந்தக் காலத்துப் பிள்ளையளுக்காகச் சொல்லுறன். ஒவ்வொரு கோட்டிலையும் ஒருத்தர் மறிச்சு நிப்பினம். அவையின்ரை கை பட்டால் ஆள் செத்தது; படாமல் பெட்டி பெட்டியாத் தாண்டி உச்சிக் கோடு மட்டும் போகவேணும். அங்கை தொட்டிட்டால் நீங்கள் பழம். பேந்து "பழம்" எண்டு கத்திக்கொண்டு அடி படாமல் திரும்பி வரவேணும். வந்தால்தான் வெற்றி. அண்டைக்கு மாவை நக்க நாயள் வந்திட்டுது. புறாக்கள் வந்து ஒரு கோட்டை முழுக்கத் திண்டிட்டுது. அதாலை ஒரே சண்டை. "டேய், நான் கோட்டுக்கு இஞ்சாலை!" "கோடு எங்கையடா? புறாவின்ரை வயித்துக்குள்ளை!" அப்பாவும் பேப்பரை வச்சிட்டு இறங்கி ஓடி, முதல் பெட்டியிலையே அடி வாங்கிச் செத்தார்.

மூண்டாம் கிழமை மாமா ஒரு முட்டைப்பந்தைக் கொண்டுவந்து, இனி இதையும் கையிலை வச்சுக்கொண்டு கிளித்தட்டு எண்டார். பெடியள் முறைச்சாங்கள். ஆனா விளையாட்டு விட மனமில்லை. ஆறாம் ஏழாம் கிழமை நெட்டையர் தன்ரை வெள்ளைக்காறரோடை வந்து நிண்டார். மலை மாதிரி ஆக்கள். ஒருத்தர்கூட ரண்டாம் பெட்டி தாண்டேல்லை. எங்கடை மெல்லிசுப் பெடியள் அவையளுக்குள்ளாலை சாரைப்பாம்பு மாதிரிப் போயிட்டு வாறதைப் பாத்து, நெட்டையர் தலையிலை கை வச்சுக்கொண்டு நிண்டார். பேந்து மாமாவைத் தூக்கித் தோளிலை வச்சார். மாமா ஐயோ இறக்கடா எண்டு தமிழிலை கத்தினார்.

அப்பிடித்தான் ரீம் சேர்ந்தது. வெள்ளைக்காறரும் கோல் அடிச்சால் "பழம்" எண்டுதான் கத்துவினம். மாமா ஒவ்வொரு மட்சுக்கும் முதல் நாள் கதவு கதவாத் தட்டி ஆளைச் சரி பாப்பார். மட்சுக்குப் போற வானிலை ஏறேக்கை எண்ணுவார். விளையாடத் தொடங்கேக்கை எண்ணுவார். முடிஞ்சு திரும்பேக்கையும் "எல்லாரும் வந்தாச்சோ?" எண்டு கேட்டு எண்ணுவார். கடைசி ஆள் ஏறாமல் வான் வெளிக்கிடாது. எனக்குப் பசிக்கும், மூத்திரம் முட்டும், மாமா அசையமாட்டார். லீக்குக்குப் பயந்துதான் எண்ணுறார் எண்டு நினைச்சனான்.

அந்த சீசன் கொஞ்சம் வெண்டம், கனக்கத் தோத்தம். ஆனா ஒரு மட்சுக்கும் ஆள் குறையேல்லை. கடைசி மட்சுக்கு லீக்காரர் ஒருத்தர் வந்து தலை எண்ணிப் பாத்திட்டுத் தலையாட்டினார். அதுதான் எங்கடை கப். கிளப் தப்பிட்டுது.

அந்த மட்சிலைதான் மாமா சரித்திரம் படைச்சவர். முடியக் கொஞ்ச நேரம்தான் இருக்கு, நாங்கள் நாலு புள்ளி பின்னுக்கு. மாமா பந்தை எடுத்திட்டார். ஒருத்தனை வெட்டினார், மற்றவனுக்கு இடுப்பைக் காட்டி ஏமாத்தினார், மூண்டாமவன் தானா விழுந்தான். நேரை கம்பத்தடி. முன்னாலை ஆருமில்லை. அடியுங்கோ அண்ணை, அடியுங்கோ எண்டு பார்க்கே கத்துது. மாமா என்ன செய்தார் தெரியுமோ? உச்சிக் கோடு மட்டும் போய்க் காலாலை தொட்டிட்டு, "பழம்!" எண்டு கத்திக்கொண்டு பந்தோடை திரும்பி ஓடி வந்தார்!

எதிர் ரீம்காரர் மறிக்க மறந்து வாயைப் பிளந்துகொண்டு நிண்டாங்கள். எங்கடை பெடியள் நிலத்திலை விழுந்து உருளுறாங்கள். பாதி வழியிலைதான் இது கிளித்தட்டு இல்லை எண்டு மாமாவுக்குச் சுட்டுது. திரும்பினார். அங்கை இருந்தே ஒரு அடி அடிச்சார். பந்து கோணலாப் போய்ப் பக்கத்துக் கம்பத்துக்குள்ளாலை விழுந்தது. வெள்ளைக் கோட்டுக்காறர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு விரலைக் காட்டினார். ஒண்டு. மூண்டு புள்ளியாலை தோத்தம். தோத்த ரீமைத் தோளிலை தூக்கினதை நான் அண்டைக்குத்தான் பாத்தனான்.

சொசேஜ் வாட்டினம், பாட்டு, கூத்து. மாமா மட்டும் எழும்பி நிண்டு எண்ணினார். திரும்ப எண்ணினார்.

"சுதன் எங்கை?"

சுதன் வந்து கொஞ்ச மாதம்தான். கடைசியாச் சேர்ந்த பெடியன். எங்கையாவது நிப்பான் அண்ணை எண்டினம். மாமாவின்ரை முகம் மாறிட்டுது. பெடியனின்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு அந்தப் பெரிய பார்க் முழுக்க ஓடினார். மட்சிலை கூட அப்பிடி ஓடேல்லை. நானும் பின்னாலை ஓடினன். எனக்குக் கோவம், என்ரை சொசேஜ் ஆறுது. லீக்காரரும் போயிட்டார், இனி ஏன் எண்ணுவான்?

சுதன் றோட்டாலை ஓடுற ஸ்ரீட்கார் றெயின் தரிப்பிலை இருக்கிற வாங்கிலை கிடந்து நித்திரை. இரவு வேலைக்குப் போகவேணும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாமல் வந்தவன், களைச்சுப் படுத்திட்டான். மாமா அவனை உலுப்பி எழுப்பினார். அடிக்கப்போறார் எண்டு நான் நினைச்சன். அடிக்கேல்லை. அவன்ரை தலையை ரண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு, "சொல்லிப்போட்டுப் போடா, சொல்லிப்போட்டுப் போ" எண்டார். பேந்து றோட்டுக் கரையிலை குந்தி இருந்து விக்கி விக்கி அழுதார்.

நான் கிட்டப் போய், "மூண்டு புள்ளிதானே மாமா, அழாதேங்கோ" எண்டனான். அவர் என்ரை தலையைத் தடவி, "ஓம் பிள்ளை" எண்டார்.

அவ்வளவுதான் எனக்கு விளங்கினது.

போன மாதம் மாமாவின்ரை செத்தவீட்டிலை, ஸ்ரௌவ்வில் எண்ட பக்கத்து ரவுணிலை இருந்து வந்த ஒரு அங்கிள் எனக்குப் பக்கத்திலை இருந்தார். ஊரிலை மாமாவோடை வொலிபோல் விளையாடினவராம். மாமாதான் கப்டனாம். சண்டைக் காலத்திலை ஒருநாள் வேறை ஊரிலை வெண்டிட்டு எல்லாரும் சைக்கிளிலை வந்தவையாம். மாமா கப்பை ஹாண்டிலிலை வச்சுக்கொண்டு, முன்னாலை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவராம். பின்னாலை சந்தியிலை ஆமிக்காரர் பெடியளை மறிச்சுப் பிடிச்சது அவருக்குத் தெரியாதாம். வீட்டு ஒழுங்கைக்கு வந்து திரும்பிப் பாக்கேக்கை சைக்கிளுகள் குறைஞ்சு போச்சாம். அந்தப் பெடியள் பேந்து வரவேயில்லையாம்; தாய்மாரிட்டைப் போய்ச் சொன்னதும் மாமாதானாம்.

நெட்டையரும் வந்தவர், நரைச்சுப்போய், குனிஞ்சு. எல்லாம் முடிய அவர் போகேல்லை. கார் நிப்பாட்டுற இடத்திலை நிண்டு, கடைசிக் கார் வெளிக்கிடுமட்டும் ஒவ்வொரு பெடியனாப் பாத்துக்கொண்டு நிண்டவர்.

இதை வாசிக்கிற மாமிமார், மாமாமார், அண்ணாமார், அக்காமார், உங்களிட்டை நான் ஒண்டு கேக்கிறன். எந்தச் சாமியைக் கும்பிடுறனீங்களோ அந்தச் சாமியிட்டை ஒருக்கா என்ரை நேசன் மாமாவுக்காகக் கேளுங்கோ. அவர் போன இடத்திலை அந்தச் சைக்கிள்காறப் பெடியளும் வந்து நிக்கவேணும். இந்த முறை அவர் திரும்பிப் பாக்கேக்கை ஒருத்தரும் குறையக்கூடாது. அதுக்காக எல்லாரும் கும்பிடுங்கோ.