ஷெரினின் முகத்தை வெளுக்காதீர்கள்

செய்தி ஷெரினின் எண்ணிலிருந்தே வந்தது. "அக்கா போயிட்டா." தட்டியது அவள் தம்பி. நான் நம்பவில்லை. போன மாதம்தான் தம்பி எழுதுவதைப் போலவே எழுதி, தனக்கு அம்மை போட்டிருப்பதாகச் சொல்லி, என்னை வேப்பிலையோடு வாசலில் நிற்க வைத்துச் சிரித்தவள் அவள். "எங்க போனா? டாட்டா காட்டிட்டுப் போனாளா?" என்று பதில் போட்டேன். உடனே அழைப்பு வந்தது. பையன் அழுதான். அந்த அழுகையை ஷெரினால் நடிக்க முடியாது.

டியூஷன் முடிந்து ஸ்கூட்டரில் வந்தாள். சாலையைத் தோண்டியவர்கள் மூடாமல் விட்ட பள்ளம், அதன்மேல் மழைத்தண்ணீர். பதினெட்டு முடிந்து லைசென்ஸ் எடுத்திருந்தாள், ஹெல்மெட் போட்டிருந்தாள், மெதுவாகத்தான் வந்தாள். ஆகவே "இந்தக் காலத்துப் பிள்ளைங்க" என்று ஆரம்பிக்கிறவர்கள் தயவுசெய்து அங்கேயே பிரேக் போடவும். மறுநாள் அந்தப் பள்ளத்தில் ஒரு மரக்கிளையை நட்டு வைத்தார்கள். எங்கள் ஊரில் பள்ளத்துக்குச் செய்யும் மரியாதை அவ்வளவுதான்.

"அன்பும் அடக்கமும் நிறைந்தவள்னு ரெண்டு பத்தி எழுதிக் குடுப்பா" என்றார் எங்கள் தேவாலய மாத இதழான பங்கு மலரின் பொறுப்பாளர். அன்பு சரி. அடக்கம்? அதை நாம்தான் அவளுக்குச் செய்தோம். ஜோகுபாளையத்தில் அவளைத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். அதனால் நடந்ததையே எழுதுகிறேன்.

காலமான அவள் தாய்மாமா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து அலமாரியில் மறந்துபோன ஒரு பழைய ஃபிலிம் கேமரா. வெளிச்சம் எவ்வளவு என்று அதில் ஒரு சின்ன முள் காட்ட வேண்டும். முள் செத்துக் கிடந்தது. "பெங்களூர்ல எந்த மீட்டர்தான் ஓடுது? ஆட்டோவுல ஓடுதா?" என்றேன். அவள் காதில் வாங்காமல், பேட்டரி மூடியை ஒரு நாணயத்தால் நெம்பினாள். உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. வினிகரைப் பஞ்சில் தொட்டுத் தொட்டுத் துடைத்தோம். பழைய பேட்டரி இப்போது கிடைக்காது, அதே அளவில் காது மெஷினுக்குப் போடுவது பொருந்தும் என்று தெரிந்து மெடிக்கலுக்குப் போனோம். கடைக்காரர், "யாருக்கும்மா காது கேக்கல?" என்றார். என்னைக் காட்டினாள். "இவனுக்குத்தான் அங்கிள். எவ்ளோ திட்டினாலும் கேக்கறதில்ல."

முள் துள்ளி எழுந்தது. அந்தத் தைரியத்தில், அவள் அத்தை மகள் கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்குப் படம் பிடித்தாள். குழுப் படத்தில் அவளும் போய் நிற்க, நான் பட்டனை அமுக்கினேன். கழுவி வந்தபோது எல்லாம் நாசம். வெள்ளை கவுன்கள் சாம்பல், முகங்கள் இருட்டு. அத்தை படங்களை மேசையில் வீசினார். "மீட்டர் போச்சு. புள்ளைங்கல்லாம் கரிக்கட்டை மாதிரி. நீ வேற நடுவுல நின்னுட்ட, ஓரமா நின்னிருக்கலாம்ல?" நான் பல்லைக் கடித்தேன். ஷெரின் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மீட்டர் ரிப்பேரா இருக்கலாம் அத்தே. என் கலர் ரிப்பேர் இல்ல."

வெளியே வந்ததும் சிரிப்பு நின்றது. "கறுப்பா வந்தது பிரச்சினை இல்லடா. நானே வரல. மூக்கு எங்க, சிரிப்பு எங்க?"

மொட்டை மாடியில் உட்கார்ந்து சோதித்தோம். முள்ளையும் போனில் இறக்கிய லைட் மீட்டரையும் ஒரே சிமெண்ட் சுவரில் காட்டினோம். இரண்டும் ஒன்றாகவே சொல்லின. பிறகு எங்கே கோளாறு? அவள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, நான் என் வேலையைப் பார்த்தேன். அவள் குனியும்போதெல்லாம் மீட்டர் கண்ணுக்கு முன்னால் என் வெள்ளைக் கைக்குட்டையை நீட்டி இழுத்தேன். முள் பேய் பிடித்ததுபோல் ஏறி இறங்கியது. "மாமாவோட ஆவி" என்று குரலை நடுங்கவிட்டேன். நாலாவது தடவை கையும் குட்டையுமாகப் பிடித்தாள். அடிக்கப்போகிறாள் என்று தலையை மூடிக்கொண்டேன்.

"டேய் எருமை, திரும்ப நீட்டு" என்றாள். நீட்டினேன். முள் ஏறியது. எடுத்துவிட்டுத் தன் கன்னத்துக்கு அருகே கேமராவைக் கொண்டுபோனாள். முள் இறங்கியது. "மீட்டர் கெடலடா! அன்னைக்குப் பூரா கவுனையே அளந்திருக்கோம். இவ்ளோ வெள்ளையான்னு பயந்து அது வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கு. யாரைப் பிடிக்கிறமோ அவங்க மூஞ்சியை அளக்கணும்."

கேமராவை என் கையில் திணித்தாள். கொடியில் வெள்ளை வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. அதன் நடுவே நின்று, "கிட்ட வா, என் கன்னத்துல அள. தள்ளிப்போ. இப்ப எடு" என்றாள். எடுத்தேன். ரோல் முடியவில்லை. அவள் முடிந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் தெருமுனையில் ஃபிளெக்ஸ் ஏறியது. கண்ணீர் அஞ்சலி, நாலு புறா, பின்னால் ஒரு அருவி, நடுவில் சுண்ணாம்பு அடித்த ஒரு பெண். உதடு ரோஜா நிறம். யார் இது என்று ஒரு கணம் நின்றுவிட்டேன். கீழே ஷெரின் என்று போட்டிருந்தது. பிரிண்ட் போட்ட கடைக்கு ஓடினேன். "அந்தப் பொண்ணோட அத்தைதான் வெளுப்பா போடச் சொன்னாங்க குரு. எல்லாருக்கும் அப்டித்தான் பண்றோம், ஃப்ரீயா" என்றான் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவன். எங்கள் ஊரில் யாரைக் கூப்பிட்டாலும் குருதான். உயிரோடிருந்தபோது ஓரமாக நிற்கச் சொன்னவர்கள், செத்த பிறகு நடுவில் நிறுத்தி ஆளையே அழித்துவிட்டார்கள். முப்பதாம் நாள் பூசைக்கு அடிக்கும் ஜெப அட்டைக்கும் அதே படம் என்று தம்பி சொன்னான். அட்டை ஒவ்வொரு வீட்டுப் பைபிளுக்குள்ளும் போகும். பிறகு அந்தச் சுண்ணாம்புப் பெண்தான் ஷெரின்.

ரோலைக் கழுவக் கொடுத்தேன். படத்தை அவள் அம்மாவிடம் நீட்டினேன். வேட்டிகள் வேட்டியாக இருந்தன. ஷெரின் ஷெரினாக இருந்தாள், அவள் கறுப்பில், நெற்றி மினுங்க, பருவோடு. அம்மா வெகுநேரம் பார்த்தார். "எண்ணெய் வழியுது பாரு. மூஞ்சி கழுவிட்டுப் போடின்னா கேப்பாளா" என்று திட்டினார். திட்டிக்கொண்டே உடைந்தார்.

அத்தை எட்டிப் பார்த்தார். "இதையா ஊருக்குக் குடுக்கறது? கொஞ்சம் பளிச்சுனு பண்ணச் சொல்லலாம்."

"வேணாம் அண்ணி" என்றார் அம்மா. "என் புள்ள கலர் ரிப்பேர் இல்ல."

அட்டையில் இருப்பது அந்தப் படம்தான். ஃபிளெக்ஸில் முகத்தின்மேல் அதையே பெரிதாக்கி ஒட்டியது யார் என்று தெருவில் விசாரணை நடப்பதாகக் கேள்வி. நான்தான். பூசை முடிந்து, பட்டப்பகலில். ஏணியைப் பிடித்தது அவள் அம்மா. புகார் கொடுக்கிறவர்கள் இரண்டு பெயரையும் சேர்த்துக் கொடுக்கவும்.

கேமரா தம்பியிடம் இருக்கிறது. நான் வைத்துக்கொண்டது அவள் திட்டுகளையும் இந்தக் கோபத்தையும். கைக்குட்டையை வைத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் பள்ளத்தில் நட்ட கிளை காய்ந்து இலை உதிர்ந்துவிட்டது, இருட்டினால் தெரிவதில்லை. அதில் கட்டிவிட்டேன். வெள்ளை தூரத்திலிருந்தே தெரியும். பள்ளம் இன்னும் திறந்துதான் இருக்கிறது. பார்த்து வாருங்கள்.